பின் சக்கரத்தைக் கடைசியில் கழற்றியவர்

செஞ்சியிலிருந்து வல்லம் போகும் தார்ச் சாலையை ஒட்டிய எங்கள் ஊருக்கு முதல் மோட்டார் சைக்கிள் 1958இல் வந்தது. யுத்தகாலத்தில் பட்டாளத்தார் சேற்றிலும் மணலிலும் ஓட்டி, பின்னர் ஏலத்தில் கழித்துவிட்ட பச்சை வண்டி அது. வாங்கியவர் பால்சாமி. அதை ஓடும் நிலையில் வைத்திருந்தவர் அவருடைய அண்ணன் அமிர்தசாமி. இவர் ஒன்பது ஆண்டுகள் பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். கிணற்று ஆயில் எஞ்சின்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தவர்.

1961ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, பால்சாமி வீட்டிலிருந்து புறப்பட்டு ஐம்பது கெஜம்கூடப் போகவில்லை. சாலை வளைவில் வண்டி சறுக்கிச் சாய்ந்தது. அவர் தலை மைல்கல்லில் மோதியது. அன்று மாலையே இறந்தார். வயது முப்பத்தொன்று.

முந்தின நாள் பின் பிரேக்கைப் பிரித்து மாட்டியவர் அமிர்தசாமி. அடக்கம் முடிந்த மறுநாள், வேலைக்குப் போடும் காக்கிச் சட்டையின் பையில் அவர் ஒரு காட்டர் பின்னைக் கண்டார். நட்டு கழன்றுவிடாதபடி குறுக்கே செருகி மடக்கும் சிறு கம்பி அது. அதை மாட்ட மறந்துதான் தம்பியைக் கொன்றோம் என்று அந்த நிமிடமே முடிவுசெய்தார். மறைக்கவும் இல்லை. தாய் அருளம்மாளிடமும், தம்பி மனைவி லூர்துமேரியிடமும், பங்குச் சாமியாரிடமும் தாமே போய்ச் சொன்னார்.

லூர்துமேரி ஒரு வார்த்தை திட்டவில்லை; பேசுவதை நிறுத்திக்கொண்டார். அருளம்மாள் மூத்த மகன் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. மூன்று வீடும் ஒரே முற்றத்தில் இருந்தன. வண்டி லூர்துமேரியின் மாட்டுக் கொட்டகையில் பனையோலைக்கடியில் கிடந்தது.

1964 தையில், பொங்கல் கழிந்த வாரம், லூர்துமேரி அமிர்தசாமியின் வாசலில் வந்து நின்றார்.

"மாமா, அந்த வண்டி என் கண்ணு முன்னாடி துருப்புடிச்சிக் கெடக்குது. ஒண்ணு ஓட வைங்க, இல்லன்னா ஏரியில கொண்டுபோய்த் தள்ளுங்க. அதுவும் சாவாம நானும் சாவாம எத்தினி நாளு கெடக்கிறது?"

அமிர்தசாமி அன்றே வண்டியைத் தம் வீட்டுச் சார்ப்புக்குத் தள்ளி வந்தார். பட்டாளத்தில் பழகிய முறைப்படி, கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொரு பாகத்தையும் சாக்கின் மேல் அடுக்கி, மண்ணெண்ணெயில் கழுவினார். சிலிண்டரில் இறுகிப்போன பிஸ்டனுக்கு எண்ணெய் ஊற்றிப் பதினோரு நாள் காத்திருந்தார். தீப்பொறி தரும் மாக்னெட்டோவைச் சென்னைக்கு அனுப்பிக் கம்பி சுற்றி வாங்கினார். டாங்க், கார்புரேட்டர், முன் சக்கரம் என்று ஒவ்வொன்றும் முடிந்தது. பின் சக்கரத்தை மட்டும் அவர் தொடவில்லை. அதைத் திறந்தால் கம்பி இல்லாத வெற்றுத் துளையைத் தம் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கும்.

செஞ்சிக் கடைத்தெருவில் லேத் பட்டறை வைத்திருந்த பாண்டுரங்கன் சில ஞாயிறுகளில் சைக்கிளில் வருவார்.

"இன்னாப்பா, பட்டாளத்துக் குதிரைக்குப் பல்லு வெளக்கி முடிச்சிட்டியா?"

"எஞ்சினுக்குள்ள எலி குட்டி போட்டிருந்துது."

"அதுக்குப் பிரசவம் பாக்கத்தான் எட்டு மாசமா? முன் சக்கரத்த மூணு வாட்டி கழட்டிட்ட. பின்னாடிது இன்னா பாவம் பண்ணிச்சி?"

அமிர்தசாமி முன் சக்கரத்து நட்டை மறுபடி முடுக்கினார். கேட்ட பிறகுதான் பாண்டுரங்கனுக்கு விஷயம் உறைத்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் லூர்துமேரியே வந்து, "இன்னிக்கி அதக் கழட்டுங்க மாமா," என்றார், போகாமல் நின்றார்.

செயின் மூடியை எடுத்ததும், பல்சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே காய்ந்த கொடி ஒன்று கயிறுபோல் முறுகிச் சுற்றியிருந்தது. கிரீஸில் ஊறிக் கறுத்த அதைக் கத்தியால் அறுத்தார். அறுக்க அறுக்கச் சாக்கின் மேல் கொள்ளு உதிர்ந்தது.

எங்கள் பக்கத்தில் மாசியில் கொள்ளுக் கொடியைப் பிடுங்கித் தார்ச் சாலையில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மணி உதிரும். ஆள் வைத்து அடிக்கும் வேலை மிச்சம். அவரவர் வாசலுக்கு எதிரே உள்ள சாலை அவரவர் களம். அந்த வளைவு இந்தக் குடும்பத்துக்கு உரியது. அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் அங்கே கொடி பரப்பியவர் லூர்துமேரி. அமிர்தசாமி அதைப் பார்த்திருந்தார். எல்லா வண்டியும் கொடிமேல்தான் போயின என்பதால் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. அண்ணனே தன் தவறென்று சொல்லிவிட்ட பின் வேறு காரணம் தேடவும் எவருக்கும் தோன்றவில்லை.

கொடி முழுவதும் விலகியதும், பிரேக் தகட்டின் நட்டு தெரிந்தது. புதுக் காட்டர் பின் துளையில் இருந்தது. அவர் வழக்கமாக மடக்குவது போலவே, ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக. சட்டைப் பையில் கிடந்தது அன்று கழற்றிய பழைய கம்பி.

"பின்னு இருக்குதா?" என்று கேட்டார் லூர்துமேரி.

"இல்ல" என்று அவர் தெளிவாகச் சொன்னதாக லூர்துமேரி கூறுவார். தலையை மட்டுமே ஆட்டியதாக அமிர்தசாமி கூறுவார். இருவர் சொல்லும் வேறுபடும் இடம் இது ஒன்றே. கொடியைச் சாக்கோடு அவர் சுருட்டப் போனதை இருவருமே ஒப்புக்கொண்டார்கள்.

லூர்துமேரி குனிந்து நாலு மணிகளை எடுத்தார். "இது இன்னா?"

"எலி கொண்டாந்து போட்டிருக்கும்."

"எலி கொடிய இப்பிடி இறுக்கிச் சுத்தவும் சுத்துமா?" என்றவர், நட்டின் மேல் விரலை வைத்து அந்தக் கம்பியைத் தடவினார். "மூணு வருசமா என் பழிய நீங்களா மாமா சொமந்தீங்க?"

"தெரிஞ்சி சொமக்கலம்மா."

"இப்ப தெரிஞ்சே சொமக்கப் பாத்தீங்களே!"

"அம்மாகிட்டச் சொல்லாத. வயசானவங்க, தாங்கமாட்டாங்க. நான் பழகிட்டேன்."

"நீங்க அன்னிக்கே ஊர் அறியச் சொன்னீங்க இல்ல? என்ன மட்டும் வாய மூடிக்கச் சொல்றீங்க."

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, சாமியார் மந்திரித்து முடித்ததும், பால்சாமியின் கல்லறையருகே தெருவார் எல்லோரும் நிற்கையில் லூர்துமேரி சொன்னார்: "மாமா கையில குத்தம் இல்ல. பின்னு மாட்டித்தான் இருந்துது. ரோட்டுல நான் போட்ட கொள்ளுக் கொடி சக்கரத்துல சுத்தித்தான் வண்டி சாஞ்சிது."

சாலையில் கொடி போடாத வீடு அந்தக் கூட்டத்தில் இல்லை. அருளம்மாள் கையிலிருந்த மெழுகுவர்த்தியை நட்டுவிட்டு, அமிர்தசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். லூர்துமேரி தனியே பின்னால் வந்தார். மருமகளோடு அருளம்மாள் மறுபடி பேசியது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அதுவும், "மாவு அரைச்சிட்டியா?" என்ற ஒரு கேள்விதான்.

வண்டி டிசம்பரில் ஓடியது. அமிர்தசாமி அதைச் செஞ்சி வரை ஓட்டிப் பாண்டுரங்கனிடம் காட்டிவிட்டுத் திரும்பினார். அடுத்த மாசியில் அந்தக் குடும்பத்துக் கொள்ளு ஏரிக்கரைப் பாறையில் தடியால் அடிக்கப்பட்டது. கட்டுகளை அமிர்தசாமி சுமந்தார், லூர்துமேரி அடித்தார், வேலை நான்கு நாள் கூடிற்று. ஊர்க் கொள்ளு எப்போதும்போல் சாலையில்தான் காய்ந்தது. காலியாகக் கிடந்த அந்த வளைவை மட்டும் தங்களுக்கென்று யாரும் கேட்கவில்லை.