அட்டை வைத்துக் கட்டிய பின்விளக்கு

என் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஊரில் நானூறு பேர் இருக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்க்கும் நோட்டுப் புத்தக பைண்டிங் கூடத்தில் மட்டும் முப்பது பேர் தேறுவார்கள். ஆகவே அவளைப் பற்றிச் சொல்லும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். கூடப் பிறந்தவளுக்குத்தான் குறை தெரியும்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. எனக்கு மூன்று வயது குறைவு. இந்த மூன்று வருடம்தான் என் வாழ்க்கையைக் கெடுத்தது. அவள் போட்டு வெளுத்த சட்டைதான் எனக்குப் பள்ளிச் சட்டை. அவள் பெயரைச் சுரண்டி எடுத்த டப்பாதான் எனக்கு ஜாமெட்ரி பாக்ஸ். இந்த வேலைகூட அவள் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து, முதலாளியிடம் சொல்லி வாங்கிக் கொடுத்ததுதான். கூடத்தில் அவளைப் 'பெரியவங்க' என்பார்கள். என்னைச் 'சின்னது' என்பார்கள். அவளுக்கு மரியாதை, எனக்கு அஃறிணை.

அவள் வேலை எண்ணுவது. அச்சாகி வரும் தாள்கட்டை விசிறிபோல் விரித்து, வலது கட்டைவிரலால் ஐந்தைந்தாகத் தள்ளுவாள். உதடு அசையாது. ஐந்நூறு தாளில் ஒன்று குறைந்தாலும் கட்டைத் தனியே எடுத்து வைத்துவிடுவாள். ஒருமுறை எண்ணும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் அது எண்ணியதை அவள் சரிபார்த்துத் திருத்தினாள். மெஷின் வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்விட்டது. நான் மடிப்பு மேஜையில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தாள் மடிக்கிறேன், ஓரம் ஒரு மயிரிழை பிசகாது. அதை யாரும் நின்று பார்த்ததில்லை.

எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே தெருவில்தான். வேலைக்குச் சைக்கிளில் சேர்ந்து போய் சேர்ந்து வருவோம். சாயங்காலம் திரும்பும்போது கிடங்குகளுக்கு நடுவே ஒரு ஒடுங்கிய சாலை வரும். அங்கே தெருவிளக்கு கிடையாது. இரண்டு சைக்கிள் பக்கத்தில் பக்கத்தில் போக முடியாது. அக்கா முன்னால், நான் பின்னால். பதினோரு வருடமாக இதே வரிசை. வழியில் குழி வந்தால் அவள் ஒரு மணி அடிப்பாள். மேடு வந்தால் இரண்டு மணி. மணி கேட்கவில்லை என்றால் பாதை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மாட்டை ஓட்டிப்போவதுபோல் என்னை மணியடித்து ஓட்டிப்போகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஒரே ஒரு நாள் நான் முன்னால் போக வேண்டும், அவள் என் முதுகைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை.

அந்தச் சாலையில் ஒரு நாள், எங்கள் கூடத்தில் பசை காய்ச்சும் அம்மாளின் சைக்கிளை ஒரு வேன் பின்னாலிருந்து தட்டிவிட்டுப் போனது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் கூடமே பயந்துவிட்டது. அடுத்த வாரம் ஒரு நாள், வேலை முடிந்து சைக்கிள் கொட்டகைக்கு வந்தால், அக்கா கையில் ஒரு பின்விளக்கை வைத்துக்கொண்டு நின்றாள். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஃபோன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும் ரகம்.

"இந்தாடி, இதை உன் சைக்கிள்ல மாட்டிக்கோ. அத்தான் வாங்கிட்டு வந்தாரு" என்றாள்.

பாக்கெட் இல்லை, பெட்டி இல்லை. கையில் வெறுமனே வைத்திருந்தாள். இரண்டு நாள் இவள் மாட்டிப் பார்த்திருப்பாள், பிடிக்கவில்லை, என் தலையில் கட்டுகிறாள். எனக்குப் பள்ளிச் சட்டை ஞாபகம் வந்தது.

"உன் பழசையெல்லாம் போட்டு வளர்ந்தது போதும். நீயே வச்சுக்கோ."

"பழசு இல்லடி, கேளு—"

நான் பெடலை மிதித்துவிட்டேன். அன்றைக்கு மட்டும் தனித்தனியாக வீடு போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலையில் அந்த லைட் அவள் சைக்கிளில் இருந்தது. அதன் பிளாஸ்டிக் வளையம் அவள் சீட்டுக் கம்பிக்குப் பெரிதாக இருந்ததால், நோட்டு அட்டையை நாலாக மடித்துச் செருகி இறுக்கியிருந்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்து மாட்டும் அத்தான், ஒரு மில்லிமீட்டர் பிசகினால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு லென்ஸ் எடுப்பவர், வளையத்தின் அளவைக்கூடப் பார்க்காமல் வாங்கியிருக்கிறார் என்று எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைதான் தாங்கியது. இருட்டியதும் அவள் அதை எரியவிட்டாள். அப்புறம் தினமும் அரை மணி நேரம் என் கண்ணுக்கு முன்னால் அதுதான். கண் கூசாத, நிதானமான சிவப்பு. சிமிட்டாது, துடிக்காது. அவளை மாதிரியே. தையல் மெஷினில் இருப்பவள், "பெரியவங்க லைட்டு தூரத்துலேர்ந்தே தெரியுதுப்பா, வீட்டுக்காரரு பார்த்துப் பார்த்து வாங்கியிருக்காரு" என்றாள். மத்தியானம் எண்ணும் மேஜைக்கு அடியில் அது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். நிறைந்ததும் கடுகளவு பச்சைப் பொட்டு ஒன்று தெரியும். நான் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். வயிறு எரியும். திரும்பி வந்து மடிப்பேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்குவார், வீட்டு விஷயம் மட்டும் மனதில் ஏறாது. "எனக்கும் ஒரு பின்லைட்டு வாங்கித் தாங்க" என்று நாலு தடவை சொன்னேன்.

"உனக்கு எதுக்கு? நீ வர்றது உன் வாயிலேயே தெரிஞ்சுடுமே" என்றார்.

ஆகட்டும் என்று அரைநாள் லீவு போட்டுவிட்டு நானே சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் பொறுமைசாலி. கண்ணாடி மேஜைமேல் மூன்று லைட்டை வரிசையாக வைத்தார். முதலாவது சின்னது, ஒரு தடவை சார்ஜ் போட்டால் பன்னிரண்டு மணி நேரம் வரும். இரண்டாவதில் மழைக்கு ரப்பர் மூடி நன்றாக இருந்தது, பிரேக் பிடித்தால் இன்னும் பளிச்சென்று எரியும். மூன்றாவதைக் கையால் மறைத்துக்கொண்டு எரியவிட்டார். அவர் விரலிடுக்கு வழியே சுவரெல்லாம் சிவந்தது.

"இது பகல்ல வெயில்லயே தெரியும். ஹைவேல ஓட்டுறவங்க வாங்குவாங்க. உங்களுக்குப் பின்னாடி யாராச்சும் சேர்ந்து வருவாங்களாம்மா?"

"இனிமே வருவாங்க" என்றேன்.

"அப்ப இது வேணாம். வர்றவங்க கண்ணு அடிபட்டுடும். முதல்ல வச்சேனே, அது போதும். அதையும் கொஞ்சம் கீழே சாய்ச்சு மாட்டணும்."

"இதைவிட வெளிச்சமா ஏதாச்சும் இருக்கா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மூன்றாவதைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். என் சைக்கிள் வீட்டுக்காரருடைய பழைய சைக்கிள், கம்பியெல்லாம் தடிமன். அதற்குப் பெரிய வளையம் வேண்டும் என்று தேடி எடுத்துக் கொடுத்தார். நான் அவசரத்தில் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அக்கா லைட் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட வேண்டும். அது ஒன்றுதான் புத்தியில் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் கொட்டகையில் வைத்து மாட்டினேன். சாய்க்கவில்லை, நேராக நிமிர்த்தி மாட்டினேன். வேகமாகச் சிமிட்டும்படி அழுத்தினேன். தையல் மெஷின்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அம்மாடி, என்ன வெளிச்சம்" என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

கிடங்குச் சாலை ஆரம்பிக்கும் இடத்தில் அக்கா வழக்கம்போல் முன்னால் போகப் பார்த்தாள்.

"இன்னைக்கு நான் முன்னால போறேன்."

"உனக்குக் குழியெல்லாம் தெரியுமாடி?"

"பதினோரு வருஷமா வர்றேன், தெரியாதா?"

அவள் ஒதுங்கி வழிவிட்டாள். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்று நான் மிதித்தேன். இரண்டு பக்கமும் கிடங்குச் சுவர்கள் என் வெளிச்சத்தில் சிவந்து சிவந்து அணைந்தன. முன்னால் யார் முதுகும் இல்லை. எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது.

அந்த வாரம் தண்ணீர்க் குழாய் போடுவதற்காகச் சாலையின் ஓரத்தைத் தோண்டியிருந்தார்கள். காலையில் பார்த்ததுதான். எனக்குக் கடைசி நொடியில் கண்ணில் பட்டது, ஹேண்டிலை வெட்டித் தாண்டிவிட்டேன். மணி அடிக்கவில்லை. மணி அடிப்பது என் வேலை என்றே எனக்குத் தோன்றவில்லை. என் வாழ்நாளில் நான் அடித்ததில்லை, கேட்டதோடு சரி.

பின்னால் வந்தவளுக்குக் கண்ணில் என் லைட்டைத் தவிர வேறொன்றும் தெரிந்திருக்காது. காதில் மணி கேட்கவில்லை. பாதை சரியாக இருக்கிறது என்று நேராக வந்திருக்கிறாள்.

சத்தம் கேட்டுத் திரும்பினேன். சைக்கிள் பள்ளத்தில் கிடந்தது, முன்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா மண்மேல் உட்கார்ந்து வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். என் லைட் அவள் முகத்தில் பளிச்சென்று அடித்தது, அணைந்தது, மறுபடி அடித்தது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அதை முதல்ல அமத்துடி" என்றாள்.

மணிக்கட்டில் எலும்பு விரிசல். கட்டைவிரல் வரைக்கும் கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் அந்தக் கை எதையும் எண்ணக் கூடாது என்றார் டாக்டர். நான் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். எல்லாரும் அக்காமேல் எனக்கு எவ்வளவு பாசம் என்று சொல்லிக்கொண்டார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும், அது பாசத்தைவிடக் குற்றம் செய்தவளின் அழுகை.

இரண்டு நாள் கழித்து, சரிசெய்த அவள் சைக்கிளை என் சைக்கிளோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டுபோய் அவள் வீட்டில் விட்டேன். என் புது லைட்டை அன்றைக்கு ராத்திரியே கழற்றிப் போட்டுவிட்டிருந்தேன். அத்தான் வாசலுக்கு வந்தார். அவர் திட்டினாலாவது நன்றாக இருக்கும் என்று நின்றேன். அவர் குனிந்து அக்கா சைக்கிளிலிருந்து அந்த லைட்டைக் கழற்றினார். மடித்து வைத்த அட்டை கீழே விழுந்தது. என் சைக்கிளின் சீட்டுக் கம்பியில் வளையத்தைப் போட்டு, திருகை இரண்டு சுற்றுச் சுற்றினார். அட்டை கேட்காமல், ஆட்டம் இல்லாமல், கச்சிதமாக உட்கார்ந்தது. கொஞ்சம் கீழே சாய்த்துவிட்டார்.

"எப்படி அத்தான் இவ்வளவு சரியா இருக்கு?"

"உன் கம்பியைக் காலிப்பர் வச்சு அளந்துட்டுத்தானேம்மா வாங்கினேன். பின்னால வர்றவளுக்குத்தான் முதல்ல வேணும், வேன் வந்தா அவமேலதான் இடிக்கும்னு உங்க அக்காதான் சொன்னா. எரியுதான்னு கடையிலேயே பெட்டியைப் பிரிச்சுப் பார்த்து எடுத்துட்டு வந்தேன்."

நான் உள்ளே போனேன். அக்கா இடது கையால் எதையோ மடித்துக்கொண்டிருந்தாள். கோணல்மாணலாக மடித்திருந்தாள். அதைப் பிடுங்கி நான் மடித்தேன்.

"எனக்கு வாங்கினதுன்னு சொல்றதுக்கென்ன?"

"சொல்ல விட்டியா நீ?"

"அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாம். ஒரு மாசம் இருந்துச்சே."

"சொன்னா இன்னும் கோவப்படுவ. சின்ன வளையம் மாத்திட்டு வரேன்னு அத்தான் சொன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன். என்னைக்காச்சும் உன் கோவம் தணியும், நீ வாங்கி மாட்டிக்குவன்னு அட்டை வச்சு ஓட்டிக்கிட்டிருந்தேன்."

பார்த்தீர்களா, இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். சண்டைக்குப் போனால்கூட அவள் மேலே நிற்பாள், நான் கீழே நிற்பேன். அந்த நிமிடத்திலும் எனக்கு அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது. இப்படி ஒரு குணம் எனக்கு ஏன் வரவில்லை என்று.

கை சரியாகி அவள் வேலைக்கு வந்த முதல் நாள், கிடங்குச் சாலையின் முனையில் சைக்கிளை நிறுத்தி, "நீயே முன்னால போடி, உனக்குத்தான் ஆசையாச்சே" என்றாள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். அவள் முன்னால் போனாள், நான் என் லைட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். குழாய்ப் பள்ளத்தை மூடியிருந்தார்கள், கொஞ்சம் அமுங்கியிருந்தது. அவள் ஒரு மணி அடித்தாள். நான் ஒதுங்கிப் போனேன்.

லைட் எப்படி எரிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் எரிவதைச் சைக்கிளில் போகிறவள் பார்க்க முடியாது. பார்க்கிற பாக்கியம் எனக்கு ஒரு மாதம் கிடைத்தது. அந்த ஒரு மாதமும், எனக்கென்று அளந்து வாங்கிய பொருளைத் தினம் அரை மணி நேரம் பார்த்துப் பார்த்து, அவளுடையது என்று வயிறெரிந்துகொண்டு போனேன்.