மடக்கக் கூடாத கால்

மைசூரில் தரைக்கல் பதிக்கும் வேலை என் வீட்டுக்காரருக்கு. முதுகு வலிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுப் போட்டு, தொண்ணூறுகளில் ஒருநாள் ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தும் நிற்கவில்லை. அப்புறம் வலது தொடை இடுக்கில் ரத்தக் குழாய்க்குள் மெல்லிய டியூபை நுழைத்து, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே இரைப்பைக்குப் போகும் ரத்தக் குழாய் வரை ஏற்றினார்கள். அதன் வழியே சொட்டுச் சொட்டாக மருந்து. அது குழாயைச் சுருக்கி ரத்தத்தை நிறுத்துமாம். நாளை வரை அந்தக் காலை மடக்கவே கூடாது, டியூப் நகர்ந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார் டாக்டர்.

காலைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். தலைமாட்டில், கொள்ளேகாலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த அவருடைய அக்கா. எங்கள் பக்கம் நங்கையா என்போம். அவள் வந்ததிலிருந்து அவருக்கு என் ஞாபகமே இல்லை. மருந்து வயிற்றை முறுக்கினால் அக்கா, தாகமென்றால் அக்கா. ஈரப் பஞ்சை நான் வைத்தபோது முகத்தைத் திருப்பியவர், அவள் வைத்ததும் பச்சைப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்தார். எட்டு வருஷமாக ஆக்கிப் போட்டவள் நான். பொறாமையில் எனக்கு வயிறு எரிந்தது.

மத்தியானம் நங்கையா, "போயி சோறு உண்டுட்டு வா அம்மணி, காலை நான் புடிச்சுக்கறேன்" என்றாள்.

எனக்குத் தெரியும். மூத்தவள் தன் காலைத் தொட அவர் விடவே மாட்டார், பாவம் என்பார். அவருடைய செருப்பை அவள் நகர்த்தி வைத்தாலே பதறுகிறவர். சொல்லியிருக்கலாம். "சரிங்க நங்கையா" என்று எழுந்து இடம் விட்டேன். அவளிடமும் ஒரு தடவை முகத்தைத் திருப்பட்டுமே என்றுதான். அதற்கு மேல் யோசிக்கவில்லை, சத்தியமாக.

வாசலைக்கூடத் தாண்டவில்லை. "அக்கா, நீ எங்காலைத் தொடக்கூடாதுக்கா" என்று குரல் கேட்டது. திரும்பினால், முழங்காலை மடக்கி வயிற்றோடு இழுத்து வைத்திருந்தார். தொடையில் போட்டிருந்த கட்டு சிவந்துகொண்டே வந்தது.

எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழியிலேயே மறுபடி ரத்தம் கக்கினார். டியூபைத் திரும்ப ஏற்றி, இரண்டு பாட்டில் ரத்தமும் ஏற்றி, சாயங்காலம்தான் பிழைத்துக்கொள்வார் என்றார்கள். நர்ஸ் கன்னடத்தில் நங்கையாவைத்தான் திட்டித் தீர்த்தாள். அவளோ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உந்தாலிய நானே அறுத்திருப்பேனே அம்மணி" என்று அழுதாள்.

முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"அழாதீங்க நங்கையா," என்றேன். "தெரியாமத்தான செஞ்சீங்க."