யோகம் மாமி கேட்ட கொரிய நாவலின் முடிவு

இன்று வந்தாறுமூலை பஸ்ஸில் ஒரு கொரிய நாவலை இரண்டாம் தடவையாக வாசித்துக்கொண்டிருந்தேன். அருகில் பக்கத்து வீட்டு யோகம் மாமி.

"என்ன கதை புள்ள?"

"கொரியாக் கதை மாமி. கலவரத்துல காணாமப்போன மகன ஒரு தாய் தேடுறா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சுனாமியில் போன மகளுக்கு மாமி வருடாவருடம் படைப்பார். 2009 கடைசிச் சண்டையில் காணாமற்போன மகனுக்கு இன்னும் படைத்ததில்லை.

"மகன் கிடைச்சானா?"

"இன்னும் முடிக்கல்ல மாமி."

"முடிச்சிட்டுச் சொல்லுங்க, என்ன?"

கதையில் மகன் பிணமாகத்தான் கிடைக்கிறான். "அபாரமான முடிவு" என்று போன வாரம் இந்தப் பக்கத்தில் விமர்சனம் எழுதியவளும் நான்தான்.

மகன் உயிரோடு வீடு திரும்பும் கொரிய நாவல் ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள். நாளைக்கும் இதே பஸ்தான்.