கெர்லிண்டெ கணித்த வானம்

உலகம் நாளைக்கு எவ்வளவு எண்ணெய் கேட்கும் என்று இன்றைக்கே சொல்வதுதான் கெர்லிண்டெவின் வேலை. வியன்னாவில் டான்யூப் கால்வாயைப் பார்த்தபடி நிற்கும் கட்டடம் ஒன்றில் உட்கார்ந்து இருபது வருடமாக அதைச் செய்துவந்தாள்.

மற்றவர்கள் பார்த்தால் அவள் திரையில் வெறும் கோடுகள்தான். அவளுக்கு அப்படியில்லை. டீசல் கோடு கொஞ்சம் நிமிர்ந்தால் பஞ்சாபில் கோதுமை அறுவடை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தத் தூசி அவள் மூக்கிலேயே ஏறும். பெட்ரோல் கோடு எழுந்தால் அமெரிக்காவில் பிள்ளைகளைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு குடும்பங்கள் கடற்கரைக்குக் கிளம்பியிருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் பார்வை எங்கோ போய்விடும்.

"நம்ம டாக்டரம்மா இப்ப எந்த ஊர்ல இருக்காங்க?" என்று துறைத் தலைவர் ஹோல்சர் அவள் முனைவர் பட்டத்தைச் சொல்லிச் சீண்டுவார்.

"சிலியில சார். குளிர் வந்துடுச்சு. மண்ணெண்ணெய் அடுப்பைப் பத்த வைக்கிறாங்க."

விமான எரிபொருளின் கோட்டில் மட்டும் அவள் யாரையும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. அதில் அவள் கணவன் இருந்தான். செவெரின் நெடுந்தூர விமானங்களை ஓட்டுபவன். கல்யாணமான நாளிலிருந்து பாதி வாழ்க்கையை வேறு ஊர்களின் இரவில் தூங்கிக் கழித்தவன். வீட்டுக்கு வந்தாலும் உடம்பு வந்து சேர்ந்து, ஆள் வந்து சேர இரண்டு நாள் ஆகும்.

தொற்று வந்த அந்த வசந்தத்தில் எல்லாக் கோடுகளும் ஒன்றாகச் சரிந்தன. படி இருக்கிறது என்று நம்பிக் கால் வைத்தவன் விழுவது போல விழுந்தன. கெர்லிண்டெ வருடக்கணக்காகக் கட்டியிருந்த கணக்குகள் ஒரே வாரத்தில் எதற்கும் உதவாமல் போயின. அவள் அழுதிருக்க வேண்டியவள்தான். ஆனால் சமையலறை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்குப் பின்னால், விமானங்கள் நின்றுபோய் வீட்டோடு இருந்த செவெரின் சீட்டியடித்துக்கொண்டே அப்பம் வார்த்தான். ஆப்ரிகாட் பழ ஜாம் தடவிச் சுருட்டித் தட்டில் வைத்தான். ஜன்னலுக்கு வெளியே, விமானம் கீறாத நீல வானம்.

மத்தியான வேளைகளில் இருவரும் லோபாக் காட்டுக்கு நடந்தார்கள். ஆற்றங்கரை மரங்களுக்கடியில் கரடிப்பூண்டு என்ற காட்டுக்கீரையின் பூண்டு வாசம் மூச்சை நிறைத்தது. கை நிறையப் பறித்தார்கள். மரங்களுக்கப்பால் பெரிய எண்ணெய்த் தொட்டிகள் வெயிலில் வெள்ளை வெளேரென்று நின்றன.

"அதுக்குள்ள என்ன இருக்கும் இப்ப?" என்று கேட்டான் செவெரின்.

"உன் விமானம் குடிக்காம விட்டதெல்லாம் இருக்கும். சில தொட்டிக்குக் கூரையே எண்ணெய் மேலதான் மிதக்கும். நிறைய நிறைய மேல வரும்."

அன்று புல்லில் படுத்தவள் அப்படியே கண்ணயர்ந்தாள். கனவில் உலகத்துத் தொட்டிகளின் கூரைகள் எல்லாம் தளும்பி வழிந்து, வட்ட வட்டப் படகுகளாக ஆற்றில் இறங்கின. எதிலும் யாரும் இல்லை. எதற்கும் அவசரமும் இல்லை. விழித்தபோது செவெரின் பக்கத்தில் இருந்தான். இப்படியே இருந்துவிடட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கோடையில் வருங்கால அறிக்கை எழுத வேண்டி வந்தது. விமானப் பயணம் பழைய நிலைக்குத் திரும்ப எட்டு வருடமாவது ஆகும் என்று எழுதினாள். ஒவ்வொரு வரிக்கும் காரணம் வைத்திருந்தாள். கணினித் திரையில் வந்த ஹோல்சர் தாடையைச் சொறிந்தார்.

"எழுத்து அழகா இருக்கு. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இது கணக்கா, இல்ல ஆசையா?"

"என்ன சார் பேசறீங்க?"

"பின்னாடி உங்க வீட்டுக்காரர் பாத்திரம் தேய்க்கறாரு. பேசற நேரமெல்லாம் நீங்க அவரையே திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க."

கெர்லிண்டெ சுருக்கென்று இணைப்பைத் துண்டித்தாள். கோபம் ஆற வெகுநேரமானது. பிறகு கணக்கைத் திரும்பத் திறந்தாள். தனித்தனியாகப் பார்த்தால் எந்த எண்ணிலும் தப்பில்லை. ஆனால் சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் குறைந்த எண்ணையே எடுத்திருந்தாள். எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம், அவள் வீட்டுப் பக்கம், சாய்ந்திருந்தன.

செவெரின் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான். "என்ன சொல்றாரு உங்க தலைவரு?"

"உன்னை வீட்லயே வெச்சுக்கறதுக்காக உலகத்தையே தரையில உக்கார வெச்சிட்டேன்னு சொல்றாரு."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

"எனக்கு வீடு பிடிச்சிருக்கு, லிண்டி. நிஜமா. ஆனா தினமும் காலையில பால்கனியில நின்னு மேகத்தைப் பாக்கறேன். கீழயிருந்து பாத்தா அதோட தப்பான பக்கத்தைப் பாக்கற மாதிரியே இருக்கு."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்த. அதான்."

அவள் எழுந்து அவன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த நாள் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகக் கேள்வி கேட்டாள். எட்டு வருடம் நாலாகச் சுருங்கியது. ஹோல்சர் படித்துவிட்டு, "இது கணக்கு" என்று மட்டும் பதில் போட்டார்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு கோடையில் செவெரினைத் திரும்ப அழைத்தார்கள். சீருடை இடுப்பில் இறுக்கிப் பிடித்தது. எல்லாம் அப்பத்தின் வேலை. அவளே காரோட்டிப் போய் விமான நிலையத்தில் விட்டாள். உள்ளே போகுமுன் அவன் திரும்பிக் கையசைத்தபோது, வீட்டில் அவள் பார்த்தேயிராத ஓர் இளமை அவன் முகத்தில் இருந்தது.

மறுநாள் சியோலிலிருந்து கூப்பிட்டான்.

"ஒரு சீட்டு கூடக் காலியில்ல, லிண்டி. பைத்தியம் பிடிச்ச மாதிரி ஏர்றாங்க ஜனங்க."

"அப்ப நாலு வருஷமும் தப்பா?"

"தப்புதான் போல. சந்தோஷமா உனக்கு?"

"பாதி," என்றாள் கெர்லிண்டெ. பேசிக்கொண்டே விமான எரிபொருளின் எண்ணைச் சற்று உயர்த்திப் போட்டாள். அவன் அங்கே பெய்யும் மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் பார்வை அங்கே போய்விட்டது.