வளைந்த பாரை

அப்பாவின் இடது புருவத்தில் மூன்று தையல் போட்ட அன்றுதான், தானே இரும்புக் கடைக்குப் போவதென்று அம்மா முடிவு செய்தாள்.

ஏரியூருக்குப் போகும் சாலையில் எங்கள் வீட்டை ஒட்டியே அப்பாவின் டிராக்டர் பட்டறை இருந்தது. இறுகிப்போன பாகங்களை நெம்பிப் பிரிக்க அவரிடம் ஒரு பாரை உண்டு. கடப்பாரையைவிடக் குட்டையாக, நேராக, ஒரு முனை மட்டும் உளிபோலத் தட்டையாக இருக்கும். அப்பா அதை லிவர் என்பார், அம்மா பாரை என்பாள். பளபளப்பைப் பார்த்துச் சந்தையில் அவராகவே ஆசைப்பட்டு வாங்கியது. அன்று ஒரு சக்கரத்தை நெம்பும்போது அது படீரென்று முறிந்து, துண்டு எகிறிப் புருவத்தைக் கிழித்துவிட்டது. கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"அடுத்தத நான் வாங்கியாறேன். நீங்க வாங்க வேணாங்க" என்றாள் அம்மா. கட்டுப் போட்ட தலையோடு படுத்திருந்த அப்பா "சரி" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த பெரியப்பாவால்தான் சும்மா இருக்க முடியவில்லை. "ஏம்மா, அது என்னா அரிசியா? கையில அள்ளி மோந்து பாத்து வாங்கறதுக்கு?"

"அரிசியும் நல்லதாத்தான மாமா வாங்கறேன்" என்று சொல்லிவிட்டு, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தர்மபுரி பஸ் ஏறினாள். அப்போது நான் நான்காம் வகுப்பு.

கடையில் இரண்டு விதமான பாரைகள் இருந்தன. ஒன்று வெள்ளிக் கொலுசுபோல மின்னியது. இன்னொன்று எண்ணெய்ப் பிசுக்கோடு, அடுப்பில் கிடந்து எடுத்ததுபோலக் கறுப்பாக இருந்தது. எதை வாங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மாவோ அதையெல்லாம் பார்க்காமல் கடைக்காரரிடம் நேராகக் கேட்டாள்: "எங்கூட்டுக்காரருக்கு அடிபட்டிருச்சுங்க. முறியாத பாரையா ஒண்ணு குடுங்க."

கடைக்காரர் அம்மாவை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். ஓர் அரத்தை எடுத்து முதலில் வெள்ளிப் பாரையின்மேல் தேய்த்தார். அரம் வழுக்கிக்கொண்டு போனது, ஒரு கீறலும் விழவில்லை. கறுப்புப் பாரையில் தேய்த்ததும் மெல்லிய கோடாகக் கீறல் விழுந்தது. பிறகு கறுப்புப் பாரையை வைஸ் பிடியில் இறுக்கி, முனையில் ஒரு பைப்பை மாட்டித் தன் முழு உடம்பையும் போட்டு அழுத்தினார். அது லேசாக வளைந்து, விட்டதும் நிமிர்ந்துகொண்டது. வெள்ளிப் பாரையை அப்படிச் செய்ய அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அது உங்க மேல தெறிச்சா நான் என்னாங்க பதில் சொல்றது?" என்று சிரித்தார். பிறகு இருவரும் குரலைத் தாழ்த்தி ஏதோ பேசினார்கள். நான் வாசலில் தராசுமேல் ஏறி நிற்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அம்மா கறுப்பை வாங்கியிருந்தாள்! கீறல் விழுந்த அதே பாரையை! பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு அழுகை வந்தது. ஏமாந்துவிட்டாள் என்று அவளிடமே எப்படிச் சொல்வது? ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

பெரியப்பா பாரையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொம்பள வாங்குன பாரை, பணியாரம் திருப்பத்தான் ஆவும்" என்றார். அந்த வாரம் முழுக்கப் பஞ்சர் ஒட்ட வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். நல்ல மனிதர்தான், எனக்குத் தினமும் கடலை மிட்டாய் வாங்கித் தருபவர். ஆனால் ஒரு நகைச்சுவை கிடைத்துவிட்டால் அது தேய்ந்து மாயும்வரை விடமாட்டார்.

தையல் பிரித்து, அப்பா வேலைக்குப் போக ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும். பெரும்பாலை பக்கம் ஒரு தோட்டத்தில் நின்றுபோன டிராக்டரைப் பார்க்கப் போனவர், சாயங்காலம் பாரையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"வளைஞ்சிருச்சு" என்றார் அம்மாவிடம்.

அம்மா சாக்கைப் பிரித்துப் பார்த்தாள். பாரை அரிவாள்போல வளைந்திருந்தது. அவள் அப்பாவின் வலது கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பாரைக்குப் பதில் கையை ஏன் பார்க்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. என் கவலையெல்லாம் பெரியப்பாதான். கல்யாணத்துக்காகச் சித்தேரிக்குப் போயிருந்தவர் மறுநாள் திரும்புவார். இதைப் பார்த்தால் அம்மாவின் மானம் பென்னாகரம் வரைக்கும் போய்விடும்.

காலையில் "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு வண்டிக்காரர் வந்தது கடவுள் செயல் என்றே நினைத்தேன். அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பாரையை இழுத்துக்கொண்டு போய்ப் போட்டேன். பழங்கள் ஒரு காகிதப் பொட்டலம் நிறையக் கிடைத்தன. நாலைந்தைத் தின்றுவிட்டு, மிச்சத்தை அலமாரியில் புத்தகப் பைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அம்மாவைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் பழம் இன்னும் இனித்தது.

அரை மணி நேரத்தில் அப்பா வீட்டுக்குள் வந்து பாரையைத் தேட ஆரம்பித்தார். கட்டிலுக்கு அடியில், மாட்டுக் கொட்டகையில், கூரை இடுக்கில். அவர் அவ்வளவு பதறி நான் பார்த்ததில்லை. பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அடி விழும் என்று கண்ணை மூடினேன். "ஏறு கண்ணு வண்டில" என்றார்.

டிவிஎஸ்ஸில் அவர் அன்று போன வேகத்தில் பிறகு எப்போதும் போனதில்லை. மூன்று ஊர் தாண்டி, ஒரு புளியமரத்தடியில் வண்டிக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் மேலே பிளாஸ்டிக் குடங்களும் தகரமும் ஏறியிருந்தன. அப்பாவே எல்லாவற்றையும் இறக்கிப் பாரையை எடுத்தார்.

"வளஞ்ச இரும்புக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார் வண்டிக்காரர்.

"நிமிந்திருந்தா வந்திருக்க மாட்டேங்க" என்றார் அப்பா.

பழத்தைத் திருப்பித் தருவதாக அப்பா சொன்னதை வண்டிக்காரர் ஏற்கவில்லை. "புள்ள தின்னட்டுங்க, வுடுங்க" என்று சொல்லிவிட்டார்.

இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இரும்பின் தரம் பார்ப்பதுதான் என் வேலை. அளவுக்கு மீறிக் கடினமான இரும்பு கீறல்படாது, ஆனால் சொல்லாமல் முறியும். நல்ல இரும்பு வளைந்து காட்டும். கடைக்காரர் அன்று அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னது இதைத்தான். பெரும்பாலையில் அன்று அப்பா ஒரு கையால் பாரையை அழுத்திக்கொண்டு மறுகையைக் கியர்பாக்ஸுக்கு அடியில் விட்டிருக்கிறார். முட்டுக் கொடுத்திருந்த கட்டை நழுவி, பாரம் முழுவதும் பாரைமேல் இறங்கியிருக்கிறது. அது வளைய எடுத்துக்கொண்ட இரண்டொரு நொடியில் கையை உருவிக்கொண்டார். பழைய பாரையாக இருந்தால் கை இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரிய இன்னும் பல வருடங்கள் இருந்தன.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மறைத்த அவமானம் திரும்ப வீட்டுக்கு வந்துவிட்டது என்பதுதான். மத்தியானம் பெரியப்பா வந்தார். அப்பா அவரைத் தனியாக அழைத்துப் போய்ப் பாரையைக் காட்டி ஏதோ சொன்னார். நான் கதவிடுக்கில் நின்று சிரிப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பெரியப்பா வளைவைத் தடவிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் வந்து, வழக்கமில்லாத மெல்லிய குரலில், "எந்தக் கடைம்மா அது?" என்று கேட்டார். அம்மா அடையாளம் சொன்னாள்.

மறுநாள் காலையில் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தர்மபுரி பஸ் ஏறினார். கடைக்காரரோடு சண்டை போடத்தான் போகிறார் என்று நினைத்தேன். எங்களுக்காக ஒருவர் கேட்கப் போகிறாரே என்று பெருமையாகக்கூட இருந்தது. சாயங்காலம் அதே மாதிரி ஒரு கறுப்புப் பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். பாவம், அவர் தலையிலும் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். நான் உள்ளே ஓடி, புத்தகப் பைக்குப் பின்னால் மிச்சமிருந்த பேரீச்சம்பழங்களை எடுத்து வந்து, ஒன்றுகூட வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் அவர் கையில் வைத்தேன்.