ஒன்பதுக்கு அடுத்த வீடு

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. பரீட்சையில் யாராவது இருமினால்கூட சைகை என்றுதான் நினைப்பேன்.

ஒரு தவணைப் பரீட்சையில் தரம் பத்துக்கு இந்தக் கணக்கைக் கொடுத்தேன்: அடுத்தடுத்த மூன்று முழு எண்களின் கூட்டுத்தொகை 33. அவை எவை? x, x+1, x+2 என்று வைத்தால் 10, 11, 12 வரும். மூன்று பிள்ளைகள் மட்டும் x, x+2, x+4 என்று வைத்து 9, 11, 13 என்று முடித்திருந்தார்கள். கூட்டினால் அதுவும் 33தான். மூவரும் ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்கள். சரியான விடை எல்லாருக்கும் ஒன்றாக வரலாம், பிழையுமா ஒன்றாக வரும்? கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

"யாரைப் பாத்து யார் எழுதினீங்க? போன் ஏதும் கொண்டாந்தீங்களா?"

மூவரில் கெட்டிக்காரியான தர்ஷினி எழுந்தாள். "யாரையும் பாக்கல டீச்சர். அடுத்த நம்பர் அப்பிடித்தானே வரும்?"

"வாய் வேறயா?" என்று மூவருக்கும் பூச்சியம் போட்டேன்.

மறுநாளிலிருந்து தர்ஷினி வரவில்லை. படிப்பை நிறுத்திக் கொழும்புக்குக் கடை வேலைக்கு அனுப்பப் போகிறார்களாம். அதையும் நான் நம்பவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொண்டு சனிக்கிழமை அவள் வீட்டுக்கே போனேன்.

வீட்டு நம்பர் பதினொன்று. ஒன்பதைக் கண்டதும், அடுத்தது பத்து என்று ஒரு கதவை விட்டுத் தள்ளிப் போனேன். அங்கே பதின்மூன்று என்று எழுதியிருந்தது.

"இதுதாங்க டீச்சர் எங்க வீடு, தாண்டிப் போயிட்டீங்க" என்று தர்ஷினியின் அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அப்ப பத்து எங்கங்க?"

"அது பின்பக்கம். இந்த லயத்துல முன்னுக்கெல்லாம் ஒத்தை நம்பரு, பின்னுக்கு ரெட்டை."

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அந்தப் பிள்ளைகளுக்குப் பிறந்ததிலிருந்தே ஒன்பதுக்கு அடுத்தது பதினொன்றுதான்.

"களவா எழுதுற புள்ளன்னு பேர் வாங்கினப்பறம் அவ எப்பிடிங்க வருவா?" என்றார் அம்மா.

"பிழை என்னோடதுங்க. எல்லார் முன்னாலயும் சொல்றேன், அனுப்புங்க."

திங்கட்கிழமை வகுப்பில் சொன்னேன். தர்ஷினி வந்திருந்தாள்.

புதிதாக வரும் ஆசிரியர்களே, பலர் ஒரே பிழையை விட்டால் முதலில் உங்கள் கேள்வியைச் சந்தேகியுங்கள். 'ஒன்று ஒன்றாகக் கூடும்' என்று கேள்வியில் நான் சேர்த்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

தர்ஷினி அதன் பிறகும் என்னிடம்தான் படித்தாள். ஒவ்வொரு கணக்கின் கீழும் 'நானே செய்தது' என்று சின்னதாக எழுதி வைப்பாள். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொன்னேன். கடைசிவரை அவள் நிறுத்தவில்லை.