அழகுக்கு விட்ட லிவர்

இருபது வருஷமாகக் கல்பாக்கத்தில் இயந்திர வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். கியர் என்றால் எனக்கு அத்துப்படி என்று ஒரு மிதப்பு உண்டு. அந்த மிதப்பில் என் மனைவிக்கு என்ன செய்தேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அவள் செங்கல்பட்டில் கணக்கு டீச்சர். மகன் கல்லூரி விடுதிக்குப் போனதும், அவன் விட்டுப்போன, பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். மோட்டார், அச்சு, பல்சக்கரம் எல்லாம் அதில் இருந்தன. எங்கள் குடியிருப்பு கிளப்பில் நடக்கும் பொழுதுபோக்குக் கண்காட்சிக்காக மூன்று மாதம் உட்கார்ந்து, படகை இழுக்கும் வின்ச் ஒன்று கட்டினாள். அவள் பிறந்த ஊர் கடப்பாக்கம். அண்ணன் கடலுக்குப் போகிறவர். மோட்டார் கயிற்றைச் சுற்றினால், சரிவான பலகையில் குட்டிப் படகு ஒன்று கரையேறும். பக்கத்தில் தள்ளி இழுக்க ஒரு லிவர். அதன் ஒரு புறம் 'கரைக்கு', மறு புறம் 'கடலுக்கு' என்று துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். டீச்சர் புத்தி எங்கே போகும் என்று சிரித்துக்கொண்டேன்.

கண்காட்சி ஒரு சனிக்கிழமை மாலை. அன்றும் அவளுக்குப் பள்ளி இருந்தது. "சாயங்காலம் நேரா கிளப்புக்கு வந்துடறேங்க. நீங்க கார்ல பத்திரமா எடுத்துட்டு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் ஓட்டிப் பார்த்தேன். என் கை லிவரில் பட்டது; பாதி ஏறிய படகு சறுக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டது. லிவரோடு ஒரு பல்சக்கரமும் நகர்ந்து விலகியிருந்தது. கற்றுக்குட்டி வேலை என்று முடிவு கட்டினேன். அந்தச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, திருகு மாதிரி இருக்கும் வார்ம் கியரைப் போட்டேன். திருகு சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்தால் திருகைச் சுற்ற முடியாது. இனி படகு ஏறிய இடத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். அந்த மோட்டார் ஒரே பக்கம்தான் சுற்றும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அப்படியானால் படகு எப்படி இறங்கும் என்பது உறைக்கவில்லை. லிவருக்கு இப்போது வேலை இல்லை. அழகுக்கு இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

கிளப்பில் படகு ஜம்மென்று ஏறியது. என் பிரிவில் வேலை பார்க்கும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். "கட்டினது அவங்க. கியர் மட்டும் நம்ம டிசைன்" என்று அவர்கள் காதில் போட்டேன். கேட்காமலே போட்டேன்.

அப்போதுதான் அவள் அண்ணனோடு உள்ளே வந்தாள். கரையேறி நின்ற படகைப் பார்த்து முகமெல்லாம் பூரிப்பு. "ஏத்திட்ட, செரி. எறக்கு, பாக்கலாம்" என்றார் அண்ணன்.

அவள் மோட்டாரை நிறுத்தி, லிவரைக் 'கடலுக்கு' என்ற பக்கம் தள்ளினாள். படகு அசையவில்லை. இழுத்து மறுபடி தள்ளினாள்.

"இன்னாம்மா இது? மேலயே குந்திகினு இருந்தா மீனு எப்ப புடிக்கிறது?" என்றார் அண்ணன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவள் குனிந்து கியர்ப் பெட்டிக்குள் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். நிமிர்ந்து, என் பக்கம் திரும்பாமலே, "காலைல அவசரத்துல நான்தான் தப்பா மாட்டிட்டேன்" என்றாள்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டை வைத்தவன் போல நின்றேன்.

வீடு திரும்பும்போது காரில் கேட்டேன், "நீ மாட்டினேன்னு ஏன் சொன்ன?"

"உங்க ஆபீஸ்காரங்க நின்னுட்டு இருந்தாங்களே."

"லிவர் எதுக்குன்னு எனக்குக் கேக்கத் தோணல."

"எழுதித்தாங்க வெச்சிருந்தேன்" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

மறுநாளே தன் பழைய சக்கரத்தை மாட்டிவிட்டாள். லிவரைத் தள்ளினால் படகு சர்ரென்று இறங்குகிறது. எனக்குத்தான் அது இருக்கும் மேஜைப் பக்கம் போகக் கால் வரவில்லை.

அந்த இரண்டு பேரும் இன்றும் கேன்டீனில் என்னைச் சீண்டுவார்கள்: "சார் என்னதான் டிசைன் பண்ணி என்ன, வீட்ல தப்பா மாட்டிட்டாங்களே!"

நானும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறேன்.